ஏலத்துக்கு ஒரு மரப்பெட்டி



"பணமாகக் கொடுக்க எங்களால் கூடவில்லை, தச்சு வேலை தெரியும். ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தால் ஏலத்தில் வைத்துக்கொள்வீர்களா?" என்று ஆத்தூர்ப் பக்கத்துச் சகோதரர் சிலர் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷமாய் வைத்துக்கொள்வோம். ஆனால் அது நல்ல பெட்டியாயிருக்க வேண்டும். இப்படிச் சொல்வது சிலருக்குக் கடுமையாய்த் தோன்றலாம். தர்மத்துக்குக் கொடுக்கிற பொருளில் குற்றம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்பது நம் எண்ணம். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் வாழைத்தாரும் தேங்காயும் பூசணிக்காயும் சேவலும் குவிந்திருக்கும். ஆத்தூர்ப் பக்கத்தில் அதோடு வெற்றிலைக் கவுளியும் சேரும். (2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள்.) கடையில் சில ரூபாய்க்கு விற்கும் ஒரு முட்டை அன்று நூறு ரூபாய்க்குப் போவதும், எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் நாம் கண்டதே. அங்கே யாரும் முட்டைக்கு விலை கொடுப்பதில்லை, காணிக்கை கொடுக்கிறார்கள். முட்டை ஒரு முகாந்தரம் மட்டுமே.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரை வேறொரு விதமான ஏலத்தைக் கண்டது. அன்றன்று எடுத்த சிப்பிகளில் குளியாட்களின் பங்கு போக, அரசாங்கத்தின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடுவார்கள். சிப்பி திறக்கப்படாமலே விற்கப்படும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தூத்துக்குடிக் கடலில் அப்படிப்பட்ட பெரிய குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது.

மரப்பெட்டி இந்த இரண்டு வகையிலும் சேராது. முட்டையைப்போல் மறுநாள் மறந்துபோகிற பொருள் அல்ல. சிப்பியைப்போல் மூடிக்கொண்டு விற்கவும் முடியாது. வாங்குகிறவர் மூடியைத் திறந்து பார்ப்பார், மூலையைத் தடவிப் பார்ப்பார், குலுக்கியும் பார்ப்பார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் இருபது வருஷம் வைத்திருப்பார். மழைக்காலத்தில் மூடி இறுகித் திறக்க மறுத்தால் ஒவ்வொரு ஐப்பசியிலும் நம் ஊழியத்தை நினைப்பார். ஆனால் நாம் விரும்பும் விதத்தில் அல்ல.

வேதத்திலும் ஒரு பெட்டி உண்டு. யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயம் பழுதாய்க் கிடந்தபோது, ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார். அதில் சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போயிற்று. மரமும் கல்லும் வாங்கப்பட்டன. இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்த வேலையாட்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடத்தில் கணக்குக் கேட்கவில்லை என்றும் அங்கே இருக்கிறது. நாமோ கணக்குக் கேட்கப்படவே விரும்புகிறோம். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

தச்சுவேலையும் மிஷன் மருத்துவமும் நம் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. ஆத்தூருக்கு மேற்கே, குரும்பூரைத் தாண்டினால் நாசரேத். அங்கே 1870-ல் டாக்டர் ஸ்ட்ராக்கன் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1876-ல் வந்த கனோன் மர்காஷிஸ் ஐயர், தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, 1878-ல் கைத்தொழிற் பாடசாலையை ஏற்படுத்தினார். கஞ்சி ஊற்றினால் பிள்ளை அன்றைக்குப் பிழைக்கும். இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் அவனே பிறகு நாலு பேருக்குக் கஞ்சி ஊற்றுவான் என்பதுதான் அந்தப் பாடசாலையின் நியாயம். ஐயர் 1908-ல் நாசரேத்திலேயே மரித்தார்.

மருத்துவமனைக்கும் மரவேலைக்கும் இதைவிட நெருங்கிய சம்பந்தம் வேலூரில் உண்டானது. டாக்டர் பால் பிராண்டு 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன்னே இங்கிலாந்தில் சில வருஷம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, முன்கையில் நல்ல நிலையிலுள்ள தசையின் நாணை மாற்றிக் கட்டி, மறுபடியும் நீட்டி மடக்கும்படி செய்தார். 1948 முதல் இந்த அறுவைகள் நடந்தன. உலகமெங்கும் பேசப்பட்ட காரியம் அது.

ஆனால் கை நேரான பிறகு ஒரு புதிய கஷ்டம் வந்தது. நோயாளிகள் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினால் இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை என்றார்கள். மடங்கிய கை இருந்தபோது அதுவே பிழைப்பு. நேரான கைக்கு வேலையும் கிடைக்கவில்லை, பிச்சையும் கிடைக்கவில்லை. ஊரில் யாரும் அவர்களைச் சேர்க்கவும் இல்லை. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பு எழும்பிற்று. அங்கே அவர்கள் மரவேலை கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் அந்தச் சர்ஜனும் ஒருவர்.

அந்தப் பட்டறைதான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்க உதவிற்று. தொழுநோய் விரல்களை அழுகச் செய்கிறது என்றே உலகம் அதுவரை நம்பியிருந்தது. பட்டறையில் வேலை செய்தவர்களின் கையில் தினமும் புதுக் காயம் காணப்பட்டது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் என்ன என்று தேடிப் பார்த்தார்கள். சுத்தியல் பிடியில் ஒரு சிராய், உளிப்பிடியில் ஒரு கூர்முனை, சூடான பாத்திரம், இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. துருப்பிடித்த பூட்டொன்றை டாக்டர் பிராண்டு திறக்க முடியாமல் நின்றபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்புவரை வெட்டுண்டிருந்ததை அவனே அறியவில்லை. இதை டாக்டர் பிராண்டு தம் புத்தகங்களில் எழுதியிருக்கிறார். நோய் நரம்பைக் கொன்று வலியை எடுத்துப்போடுகிறது. வலியில்லாத கையோ தன்னைத்தானே அழித்துக்கொள்ளுகிறது. விரலைத் தின்றது கிருமி அல்ல, கவனிக்கப்படாத காயமே.

நமக்கு ஒரு சுத்தியல் கனமாயிருந்தால் நாம் அறியாமலே பிடியைத் தளர்த்துவோம், கையை மாற்றுவோம். உணர்ச்சியற்ற கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் தேவைக்கு மேல் இறுக்கும்; ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். ஆகையால் அங்கே ஆயுதங்களின் பிடிகளைப் பருமனாக்கி வழுவழுப்பாக்கினார்கள். வேலைக்கு நடுவே நிறுத்திக் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தை உண்டாக்கினார்கள். வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்தது.

தொழுநோய்க்கு இன்றைக்கு நல்ல மருந்து உண்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரை செய்தது. மருந்து நம் தேசத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் தாமதமாய் வந்தவர்களின் மரத்துப்போன கையும் காலும் மருந்தால் உணர்ச்சி பெறுவதில்லை. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே கதைதான். இந்தக் கூட்டம் இப்போது எந்த ஊரிலும் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுத் தச்சுப் பட்டறையில் யாராவது சர்க்கரை நோயாளி வேலை செய்தால், மேலே சொன்னதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம்.

முதலாவது மரம். விலையுயர்ந்த மரம் வேண்டும் என்று நினைக்கவேண்டாம். தேக்கு எப்போதும் நல்லதுதான். பழைய கதவு, உடைந்த கட்டில் இவற்றிலிருந்து கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அது பல வருஷம் காய்ந்த மரம். வாய்க்கால் கரைப் பூவரசு இழைத்தால் அழகான சிவந்த பழுப்பு நிறம் தரும். பலா மஞ்சளாயிருந்து வருஷம் போகப்போகக் கருமஞ்சளாகும். வேம்புக்கு லேசான வாசனை உண்டு. துணி வைக்கும் பெட்டிக்கு ஏற்றது, அஞ்சறைப்பெட்டிக்கு வேண்டாம். நம் தேரிக்காட்டுப் பனை எல்லாவற்றுக்கும் உதவுகிற மரமானாலும், சின்னப் பெட்டிக்கு அதன் கட்டை உதவாது. கறுப்பு நார் ஊசிபோல் நின்று கையைக் குத்தும். பனையில் பெட்டி வேண்டுமென்றால் ஓலைப்பெட்டியே முடையலாம். அதற்கும் ஏலத்தில் இடம் உண்டு. சந்தனமும் செம்மரமும் தகுந்த பத்திரமில்லாமல் வாங்கிச் செய்து அனுப்பாதிருங்கள். அழகுக்காக மூடியில் பவளப்பாறைத் துண்டு பதிப்பதும் கூடாது. பவளப்பாறை வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அதை ஏலத்தில் வைத்தால் நாம் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

இரண்டாவது, காய்ச்சல். (மருத்துவமனைக் கடிதத்தில் இந்தச் சொல்லை வாசித்துப் பயப்படவேண்டாம், மரத்தைக் காயவிடுவதைத்தான் சொல்லுகிறோம்.) பச்சை மரத்தில் பெட்டி செய்தால் அது பெட்டியாய் இருக்கும் காலம் கொஞ்சமே. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. பலகைகளுக்கிடையே சின்னச் சட்டங்களை வைத்து, வெயில் நேராய்ப் படாமல், காற்று ஓடும்படி அடுக்கவேண்டும். ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணியின் கடைமடை. சுற்றிலும் வயலும் வாழையும் கொடிக்காலும் குளமும். சிறிது தூரத்தில் கடல். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். சித்திரை வெயிலில் செய்த பெட்டி ஐப்பசி மழையில் வேறு பெட்டியாகிவிடும்.

இதை விளங்கிக்கொண்டால் பெட்டி வேலையில் பாதி விளங்கிவிடும். மரம் ஈரத்தை வாங்கும்போது அகலத்தில்தான் உப்பும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. நாரோட்டத்துக்குக் குறுக்கே மட்டுமே அசைகிறது என்று சொல்லலாம். ஆகையால் பெட்டியின் அடிப்பலகையை நான்கு பக்கமும் பசைபோட்டு ஒட்டினால், மழைக்காலத்தில் அது உப்பி மூலைகளைப் பிளக்கும். வெயில் காலத்தில் சுருங்கித் தானே வெடிக்கும். பக்கப் பலகைகளின் உட்புறம் காடி எடுத்து, அடிப்பலகையை அதற்குள் பசையில்லாமல் சும்மா உட்காரவைக்கவேண்டும். அகலத்தின் இரு ஓரங்களிலும் நூலளவு இடம் விடவேண்டும். பலகை உள்ளுக்குள்ளே விரியட்டும், சுருங்கட்டும். வெளியே யாருக்கும் தெரியாது. மூடிக்கும் இதே விதி.

மூலை சேர்ப்பில்தான் ஆசாரியின் கை தெரியும். இரண்டு பலகையை முட்டவைத்து ஆணி அடிப்பது எளிது. அந்த ஆணியே பிறகு பலகையைப் பிளக்கும், உப்புக்காற்றில் துருவும் ஏறும். புறாவின் வால்போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சேர்ப்பது கடினம். ஆனால் பசை விட்டுப்போனாலும் மூலை விடாது. இது தெரியாதவர்கள் நேர்ப்பற்களாக வெட்டிக் கோக்கலாம்; பசை படும் இடம் அதிகமாவதால் அதுவும் நெடுநாள் நிற்கும்.

மூடி சரியாய்ப் பொருந்த ஒரு நல்ல உபாயம் உண்டு. பெட்டியையும் மூடியையும் தனித்தனியே செய்யாமல், ஆறு பக்கமும் அடைத்த ஒரே கட்டையைப்போல் முதலில் முழுதும் சேர்த்துவிடுங்கள். பசை காய்ந்த பின்பு மேலே ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ விட்டுச் சுற்றிலும் கோடிழுத்து, ரம்பத்தால் அறுத்து மூடியைப் பிரியுங்கள். அப்பொழுது மூடிக்கும் பெட்டிக்கும் ரேகை தொடர்ந்து ஓடும். அளவு தப்பவும் வழியில்லை. உள்ளே எதையும் விட்டுவிட்டு அடைக்கவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீல் பித்தளையில் போடுங்கள். இரும்புக் கீல் நம் கடற்கரையில் இரண்டு மழைக்குத் தாங்காது. பித்தளைத் திருகாணி மெதுவானது. நேராய் முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். சின்னத் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒரு தடவை முடுக்கி எடுத்துவிட்டு, பிறகு பித்தளையைப் போட்டால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

கடைசியில் மெருகு. உப்புத்தாளை 80, 120, 220 என்று கரடானதிலிருந்து நைசானதற்குப் போகவேண்டும். எப்போதும் நாரோட்டத்தோடே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுவது பழைய முறை. இன்றைக்கும் அதற்கு இணையான பளபளப்பு அபூர்வம். ஆளிவிதை எண்ணெயும் பூசலாம். ஆனால் பெட்டிக்குள்ளே பூசாதிருங்கள், மூடிவைத்தால் சிக்கு வாடை வரும். ஒரு எச்சரிப்பு: ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள். தர்மத்துக்குப் பெட்டி செய்யப்போய்ப் பட்டறையை எரித்துக்கொள்ளக்கூடாது.

என்ன பெட்டி செய்யலாம்? வாங்குகிறவர் வீட்டில் எங்கே வைப்பார் என்று யோசித்தால் விடை தானே வரும். வேதாகமமும் பாட்டுப்புத்தகமும் கண்ணாடியும் கொள்ளும் பெட்டி சபையார் மத்தியில் விலைபோகும். தையல் பெட்டி, அஞ்சறைப்பெட்டி, பிள்ளைகளுக்குப் பேனாப் பெட்டி ஆகியவையும் நல்லவை. ஆத்தூரில் வெற்றிலைச் செல்லத்தைச் சொல்லாமல் விட முடியுமா? புகையிலையைப்பற்றி நம் வைத்தியர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகையால் செல்லம் செய்கிறவர்கள் புகையிலைக்கு அறை வைக்காமல் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். மருந்துப்பெட்டி செய்ய விரும்புகிறவர்கள் காலை, மதியம், இரவு என்று மூன்று அறை வையுங்கள். வயதானவர்களுக்கு மிகவும் உதவும். மூடியில் விரல் நுழையத் தாராளமாய்ப் பள்ளம் எடுங்கள். மூட்டுவாதக்காரர் நகத்தால் நெம்பித் திறக்கும்படி வைக்காதிருங்கள்.

வெளிதேசங்களிலும் கைவேலைக்காரர் இப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவில் மரம் கடைகிறவர்களின் சங்கங்கள், கடும் வியாதியோடு மருத்துவமனையிலிருக்கும் பிள்ளைகளுக்கு மூடியுள்ள மரக்கிண்ணங்களைக் கடைந்து இலவசமாய்க் கொடுக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு வண்ணமணியைப் பெறுகிறார்கள். பட்ட பாடெல்லாம் ஒரு மணிச்சரமாய்ச் சேருகிறது. அதை வைக்கத்தான் கிண்ணம். இங்கே ஏலமே இல்லை. நேரே பிள்ளையின் கைக்குப் போகிறது. இதுவும் நமக்கு ஒரு யோசனை. கடைசல் பட்டறை உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஏலத்தின் காரியத்தையும் வெளிப்படையாய்ச் சொல்லிவிடுகிறோம். ஒரு பெட்டிக்கு மரம், கீல், பாலிஷ் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 600 ரூபாய் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் அது 500 ரூபாய்க்குப் போனால், 600 ரூபாயை நேராய்க் காணிக்கைப் பெட்டியில் போட்டிருந்தால் நோயாளிக்கு 100 ரூபாய் அதிகம் கிடைத்திருக்கும். உங்கள் பிரயாசமும் மிஞ்சியிருக்கும். ஆகையால் ஒவ்வொரு பெட்டிக்கும் செலவைக் குறித்து அனுப்புங்கள். அதற்குக் கீழே ஏலம் போகாதபடி ஆரம்ப விலையை வைப்போம். யாரும் அந்த விலைக்குக் கேட்கவில்லையானால் பெட்டியை நிறுத்தி, அடுத்த தடவைக்கு வைப்போம். இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று கெஞ்சமாட்டோம்.

இன்னொன்றும் செய்யமாட்டோம். விலையை ஏற்றுவதற்காக ஒரு நோயாளியை முன்னே நிறுத்தி, அவர் கையையும் காலையும் காட்டி, அவர் பேரையும் வியாதியையும் சொல்லமாட்டோம். பிச்சைக்குக் கையைக் காட்டிப் பிழைத்தவர்களுக்கு வேறொரு பிழைப்பைக் கொடுக்கவே வேலூரில் அந்தப் பட்டறை எழும்பிற்று. நாம் அவர்களை மறுபடியும் கையைக் காட்டச் செய்தால் செய்த ஊழியத்தை நாமே அழித்தவர்களாவோம். நோயாளியாயிருந்தவர் செய்த பெட்டி ஏலத்துக்கு வந்தாலும், அவர் விரும்பினாலொழிய அதைச் சொல்லமாட்டோம். பெட்டி பெட்டியாகவே விலைபோகட்டும். அதற்காகத்தான் நல்ல பெட்டி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். வாங்கினவர் வீட்டில் அதைத் திறந்து மூடும்போது, இதைச் செய்தவர் கெட்டிக்கார ஆசாரி என்று மட்டும் நினைக்க வேண்டும்.

ஏலம் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு தரம், இரண்டு தரம்" என்று சொல்லும்போது உற்சாகம் பிறக்கும். பக்கத்து வீட்டார் கேட்டுவிட்டாரே என்று வீம்பும் பிறக்கும். மூன்றாம் தரம் சொல்லி முடிந்தபின் தொகையைக் கட்டாமல் அடுத்த பண்டிகைவரை பாக்கி வைப்பது பல சபைகளில் நடக்கிற காரியம். ஏலப் பாக்கியை நம்பி எந்த மருந்துக் கடையும் மருந்து கொடுக்காது. கையில் உள்ளதைக் கேளுங்கள். பணத்தைக் கட்டிப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். அதிகம் கேட்க முடியாதவர்கள் கூச்சப்படவேண்டாம். அவர்களுக்காகவே சில சின்னப் பெட்டிகளை ஏலத்தில் சேர்க்காமல் நிர்ணய விலையில் மேஜையில் வைக்கலாம் என்றிருக்கிறோம்.

சேரும் பணம் ஏழை நோயாளிகள் நிதிக்குப் போகும். அதன் அவசியத்தையும் சொல்லவேண்டும். மருந்து இலவசமாயிருந்தும் சிகிச்சை பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல. வந்துபோகிற பஸ் சார்ஜ், வேலைக்குப் போகாத நாளின் கூலி, துணைக்கு இருக்கிறவரின் சாப்பாடு, மரத்துப்போன பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்பு, புண்ணுக்குக் கட்டுத்துணி ஆகியவைதான் காரணம். கேட்டால் சின்னக் காரியங்கள். அந்தச் செருப்பு சமயத்தில் கிடைக்காமல் ஒரு ஆணி ஏறினதை அறியாமல் நடந்தவருக்கு, முடிவில் பாதமே போகக்கூடும். ஒரு நல்ல பெட்டியின் விலை அதைத் தடுக்கப் போதுமானது.

ஏலம் முடிந்தபின் ஒவ்வொரு பெட்டிக்கும் எண், ஆரம்ப விலை, விற்ற விலை, பணம் வந்ததா என்ற விவரம், நிதியில் எந்தச் செலவுக்குப் போயிற்று என்ற குறிப்பு ஆகியவற்றை இந்தப் பத்திரிகையிலேயே அச்சிடுவோம். கொடுத்தவர் பேரைப் போட விரும்பாதவர்களுக்கு எண் மட்டும் போதும்.

பெட்டியைத் துணியில் சுற்றி, ஈரம் படாமல் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள். புதுப் பாலிஷ் போட்டதைச் செய்தித்தாளில் சுற்றவேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். அடிப்பலகையின் வெளிப்புறத்தில் மரத்தின் பேரையும் செய்த வருஷத்தையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்; பிற்காலத்தில் யாராவது அதைப் பழுதுபார்க்க நேர்ந்தால் அந்த ஆசாரிக்கு உதவும்.